ஸ்டூலிங்கர் கடிதத்தில் காணாமல்போன விண்வெளி வீரர்

சந்திரயான்-3 நிலவில் இறங்கிய அன்று (2023 ஆகஸ்ட் 23) சாயங்காலம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். பட்டாசு ஸ்டிக்கர், கொடி ஸ்டிக்கர், இஸ்ரோ கட்டுப்பாட்டு அறையில் கைதட்டுகிற வீடியோ. நடுவில் அத்தை ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். முப்பது வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "சந்தோஷம்தான்டா, நானும் டிவில பாத்துக் கைதட்டினேன். ஆனா அந்தக் காசுல பாதியக் குடுத்திருந்தா எங்க சென்டருக்கெல்லாம் கூரை மாத்திருக்கலாம்ல?"

பத்தே நிமிஷம். சித்தப்பா மகன் ஒரு நீளமான ஃபார்வர்டைத் தட்டிவிட்டான். "அத்தை, இதப் படிங்க. உங்க கேள்விக்கு 1970லயே பதில் சொல்லிட்டாங்க." அத்தை ஒரு கும்பிடு எமோஜி போட்டார். விவாதம் முடிந்தது.

அந்த ஃபார்வர்டை நீங்களும் ஏதோ ஒரு வடிவத்தில் பார்த்திருப்பீர்கள். நாசா விஞ்ஞானி ஒருவர் ஆப்பிரிக்காவில் இருந்த ஒரு கன்னியாஸ்திரிக்கு எழுதிய கடிதம். விண்வெளிச் செலவை யாராவது கேள்வி கேட்டால் உடனே எடுத்து நீட்டப்படும் பிரம்மாஸ்திரம். நானே இரண்டு மூன்று முறை நீட்டியிருக்கிறேன். பிறகு ஒருநாள் முழுக் கடிதத்தையும் உட்கார்ந்து நிதானமாகப் படித்தபோது ஒரு சங்கடம் வந்தது. கடிதம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. அந்த சங்கடத்தை எழுதி வைக்கத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் கடிதத்தின் பின்னணி. ஸாம்பியாவில் கப்வே என்ற ஊரில் சேவை செய்துகொண்டிருந்தவர் சிஸ்டர் மேரி ஜுகுண்டா. பூமியில் இத்தனை குழந்தைகள் பட்டினி கிடக்கும்போது செவ்வாய்க்கு மனிதரை அனுப்ப நூற்றுக்கணக்கான கோடி டாலர் செலவழிக்கலாம் என்று எப்படிச் சொல்ல முடிகிறது உங்களால் என்று அவர் கேட்டிருந்தார். கேட்கப்பட்டவர் எர்ன்ஸ்ட் ஸ்டூலிங்கர். அலபாமாவில் ஹன்ட்ஸ்வில்லில் இருக்கும் நாசாவின் மார்ஷல் மையத்தில் அறிவியல் பிரிவின் இணை இயக்குநர். செவ்வாய்ப் பயணத்துக்கான விண்கலங்களை 1950களிலிருந்தே காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தவர். அவருடைய பதில் 1970 மே 6 தேதியிட்டது. அப்பல்லோ 8 வீரர்கள் 1968 கிறிஸ்துமஸ் சமயத்தில் எடுத்த, நிலவின் விளிம்புக்கு மேலே பூமி எழும் புகைப்படத்தையும் கூடவே அனுப்பினார். மரியாதையான கடிதம். கேட்டவரை எங்கேயும் மட்டம்தட்டவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே இன்று ட்விட்டரில் சண்டை போடுகிற விண்வெளி ஆர்வலர்கள் அதை மறுபடி படிக்கலாம்.

கடிதத்தின் மையத்தில் ஒரு கதை இருக்கிறது. நானூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு நல்ல பிரபு. வருமானத்தில் பெரும்பங்கை ஏழைகளுக்குக் கொடுப்பவர். ஒருநாள் கண்ணாடியைத் தேய்த்து லென்ஸ் செய்து விளையாடுகிற ஒரு விசித்திரமான ஆளைப் பார்க்கிறார். அரண்மனைக்கு அழைத்து வந்து அவனுக்கும் செலவழிக்க ஆரம்பிக்கிறார். ஊர்க்காரர்களுக்குக் கோபம்: நாங்கள் கொள்ளைநோயில் சாகிறோம், இவர் ஒரு பொழுதுபோக்குக்காரனுக்குக் காசு கொடுக்கிறாரே! பிரபு அசரவில்லை. கடைசியில் அந்த வேலையிலிருந்து வந்தது மைக்ராஸ்கோப். ஊர் மக்களுக்குப் பணமாகக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட அதிக உயிர்களை அந்தக் கருவி காப்பாற்றியது. இதுதான் கதை.

இந்தக் கதையில் பிரபுவுக்கும் பெயர் இல்லை, ஊருக்கும் பெயர் இல்லை. மைக்ராஸ்கோப்பின் பிறப்பைப் பற்றி வரலாற்றில் பொதுவாகச் சொல்லப்படுவது வேறு ஊர்: நெதர்லாந்தில் மிடில்பர்க். யார் முதலில் செய்தார் என்பதில் தகராறு உண்டு, ஆனால் தகராறில் இருப்பவர்கள் மூக்குக்கண்ணாடி செய்து விற்ற கடைக்காரர்கள். வயசானவர்களுக்குக் கண் தெரியணும் என்கிற ஒரு சாதாரணத் தேவை, அதற்கு ஒரு சந்தை, அந்தச் சந்தையில் கைதேர்ந்தவர்கள். அங்கிருந்துதான் லென்ஸ் வந்தது. இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் ஸ்டூலிங்கரின் வாதம் தலைகீழாகிவிடும். அவசரத் தேவைக்குச் செலவழித்ததன் துணைவிளைவாக ஆராய்ச்சிக் கருவி வந்தது என்று ஆகும். நான் அந்தப் பக்கமும் சாயவில்லை. ஒரு உவமைக் கதையை நிரூபணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, கதை போகட்டும். பெரிய பிரச்சினை வேறு இடத்தில்.

கடிதத்தில் விண்வெளியால் வரும் நன்மைகள் என்று ஸ்டூலிங்கர் அடுக்குவதைப் பாருங்கள். பயிரையும் மழையையும் மேலிருந்து கவனிக்கும் செயற்கைக்கோள்கள். புதிய கருவிகள், புதிய உலோகங்கள், மருத்துவச் சாதனங்கள். இளைஞர்கள் அறிவியலுக்கு வர ஒரு ஈர்ப்பு. நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு. எல்லாம் உண்மைதான். ஆனால் சிஸ்டர் கேட்டது செயற்கைக்கோளைப் பற்றி இல்லையே. செவ்வாய்க்கு மனிதர் போவதைப் பற்றித்தான் கேட்டார். பயிர் பார்க்கும் செயற்கைக்கோளுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. பட்டியலில் பாதிக்கு மேல் மனிதரை அனுப்பாமலே கிடைக்கும், அதுவும் மலிவாகக் கிடைக்கும். ஆளில்லா விண்வெளிக்கான நல்ல வாதங்களை எடுத்து, ஆள் இருக்கிற விண்வெளியின் கணக்கில் வரவு வைத்துவிட்டார் ஸ்டூலிங்கர். கடிதம் முழுக்கத் தேடினாலும் அந்த விண்வெளி வீரர் அங்கே ஏன் இருக்க வேண்டும் என்பதற்குப் பதில் கிடைக்காது.

(டெஃப்ளான், வெல்க்ரோ, டாங் மூன்றும் நாசா கண்டுபிடித்தவை என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். டெஃப்ளான் 1938இல் டூபான்ட் ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்தது. வெல்க்ரோ ஒரு சுவிஸ் பொறியாளரின் யோசனை. டாங் நாசாவுக்கு முந்தியது. விண்வெளி வீரர்கள் குடித்ததால் அதற்கு விளம்பரம் கிடைத்தது. அதுதான் துணைவிளைவு.)

நம் ஊரிலும் இதே கைமாற்று வேலை நடக்கிறது. ககன்யான் பற்றிக் கேள்வி வந்தால் உடனே விக்ரம் சாராபாய் வருவார். வளரும் நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவர் சொன்ன பதிலின் கடைசிப் பகுதி எல்லோருக்கும் மனப்பாடம்: மனிதனின், சமூகத்தின் உண்மையான பிரச்சினைகளுக்கு உயர்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் நாம் யாருக்கும் பின்தங்கக்கூடாது என்பது அதன் சாரம். அதற்கு முந்திய வரியைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. நிலவையோ கோள்களையோ ஆராய்வதிலும், மனிதரை விண்வெளிக்கு அனுப்புவதிலும் பணக்கார நாடுகளோடு போட்டி போடும் கற்பனை நமக்கு இல்லை என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். மனித விண்பயணத்தைப் பெயர் சொல்லி விலக்கிய ஒரு கூற்றை மனித விண்பயணத்துக்கு ஆதரவாகக் காட்டுகிறோம்! காலம் மாறிவிட்டது, அன்றைய இந்தியா வேறு, இன்றைய இந்தியா வேறு என்று வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் அதை வாதிட வேண்டும். பாதி வாக்கியத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சட்டம் போட்டு மாட்டக்கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு இவன் மனித விண்பயணத்துக்கு எதிரி என்று நினைத்தால், இல்லை. அரசுகள் இதற்குப் பணம் கொடுப்பது தொடர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் ஆதரவு வாதம் பலவீனமாக இருப்பது என்னை உறுத்துகிறது. பொய்த்தூணில் நிற்கும் கட்டடத்தை யாராவது ஒரு கன்னியாஸ்திரியோ ஓய்வு பெற்ற அங்கன்வாடி ஊழியரோ ஒரே கேள்வியில் தள்ளிவிட முடியும்.

ஸ்டூலிங்கர் ஒரு விஷயத்தில் சரியாகச் சொன்னார். விண்வெளியிலிருந்து பிடுங்கும் பணம் தானாகப் பசித்த குழந்தைக்குப் போய்ச் சேராது, அரசு பட்ஜெட் அப்படி இயங்குவதில்லை என்றார். சரித்திரம் அவர் பக்கம் நின்றது. வேடிக்கை என்னவென்றால் அவர் கடிதம் எழுதிய வருஷமே வெட்டு ஆரம்பித்துவிட்டது. 1970 ஜனவரியில் அப்பல்லோ 20 ரத்து. அதே வருஷம் செப்டம்பரில் இன்னும் இரண்டு நிலவுப் பயணங்கள் ரத்து. 1966இல் அமெரிக்க மத்திய பட்ஜெட்டில் 4 சதவீதத்துக்கு மேல் வாங்கிய நாசா, 1975 வாக்கில் 1 சதவீதத்துக்கு வந்தது. இன்று அரை சதவீதம்கூட இல்லை. கப்வே குழந்தைகளுக்கு அந்த மிச்சம் போகவே இல்லை. அமெரிக்காவின் சொந்த ஏழைகளுக்குப் போனதா என்பதும் சந்தேகம். அன்றைக்கு வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது.

அப்பல்லோ 11 கிளம்புவதற்கு முதல் நாள், 1969 ஜூலை 15, ரால்ஃப் அபெர்னதி ஏழைக் கறுப்பினக் குடும்பங்களோடும் கோவேறு கழுதைகள் பூட்டிய ஒரு மரவண்டியோடும் கென்னடி மையத்துக்கு வந்து நின்றார். மார்ட்டின் லூதர் கிங்குக்குப் பிறகு அந்த இயக்கத்தை நடத்தியவர். நாசா தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து அவர்களைச் சந்தித்தார். நாளைக்கு அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருப்பதால் உங்கள் பிரச்சினை தீருமென்றால் நாங்கள் அழுத்தமாட்டோம் என்கிற பொருளில் பேசினார். நிலவுக்குப் போவது மனிதப் பிரச்சினைகளோடு ஒப்பிட்டால் குழந்தை விளையாட்டு என்றும் ஒப்புக்கொண்டார். ஸ்டூலிங்கர் கடிதத்தைவிட எனக்கு இந்தப் பதில்தான் பிடிக்கிறது. உங்களுக்கு லாபம் இருக்கிறது என்று அவர் கதை விடவில்லை. ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று நடக்கும் என்ற கணக்கு தப்பு என்று மட்டும் சொன்னார்.

ஆனால் இதுவும் பாதி பதில்தான். "பணம் அங்கே போகாது" என்பது செலவை நியாயப்படுத்தாது. எந்த வீண்செலவுக்கும் அதையே சொல்லலாமே.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் தாக்குதல் இதைவிடக் கூர்மையானது, அது விஞ்ஞானிகளிடமிருந்தே வருகிறது. பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டைகளைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் வான் ஆலன், 2004இல் மனித விண்பயணம் காலாவதியாகிவிட்டதா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். சாகச ஆசையைத் தவிர வேறு நியாயம் மிச்சமில்லை என்பது அவர் முடிவு. நோபல் பரிசு பெற்ற ஸ்டீவன் வைன்பர்க் சர்வதேச விண்வெளி நிலையத்தை நையாண்டியே செய்தார். மார்ட்டின் ரீஸும் டொனால்ட் கோல்ட்ஸ்மித்தும் விண்வெளி வீரர்களின் காலம் முடிந்தது என்று 2022இல் ஒரு புத்தகமே போட்டார்கள். சிஸ்டர் ஜுகுண்டாவின் கேள்வி குழந்தைக்கும் ராக்கெட்டுக்கும் நடுவே. இவர்களுடைய கேள்வி ரோபோவுக்கும் மனிதருக்கும் நடுவே. ஒரே துறை, ஒரே பட்ஜெட். இங்கே "பணம் அங்கே போகாது" என்று தப்பிக்க முடியாது.

பதிலுக்கு என்ன இருக்கிறது? ஹாரிசன் ஷ்மிட் இருக்கிறார். நிலவுக்குப் போன ஒரே தொழில்முறைப் புவியியலாளர். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17இல் அவரும் யூஜின் செர்னனும் மூன்று நாட்களில் சுமார் 22 மணி நேரம் வெளியே வேலை செய்தார்கள், வண்டியில் சுமார் 35 கிலோமீட்டர் சுற்றினார்கள். செவ்வாயில் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் ஒரு மாரத்தான் தூரத்தை (42 கிலோமீட்டர்) முடிக்க 11 வருஷம் ஆனது. தூரத்தைவிட முக்கியம் ஒரு பள்ளத்தின் ஓரத்தில் ஷ்மிட்டின் கண்ணில் பட்ட ஆரஞ்சு நிற மண். சாம்பல் நிறத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் அது வித்தியாசம் என்று ஒரு பயின்ற கண்ணுக்கு அந்த விநாடியே தெரிந்தது. அள்ளிக்கொண்டு வந்தார்கள். அது எரிமலைக் கண்ணாடித் துகள்கள். அப்பல்லோ கொண்டுவந்த அதே மாதிரித் துகள்களைப் புதிய கருவிகளால் அலசித்தான் 2008இல் நிலவின் உட்பகுதியில் நீர் இருந்ததற்கான தடயத்தைச் சொன்னார்கள். அப்பல்லோ மொத்தமாகக் கொண்டுவந்தது 382 கிலோ. சோவியத்தின் மூன்று லூனா ரோபோக்கள் சேர்ந்து கொண்டுவந்தது அரைக் கிலோகூட இல்லை. ரோவர்களை நடத்திய விஞ்ஞானி ஸ்டீவ் ஸ்குவயர்ஸே மனிதரை அனுப்ப வேண்டும் என்று சொல்பவர்தான்.

ஆனால் 1972இன் ரோபோவும் இன்றைய ரோபோவும் ஒன்றல்ல. சீனாவின் சாங்'இ-5 2020இல் ஆளே இல்லாமல் 1.7 கிலோ எடுத்து வந்தது. இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. அதனால் "மனிதன் திறமைசாலி" என்ற வாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்னும் நாற்பது வருஷம் ஓட்ட முடியாது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

எனக்குக் கடைசியில் நம்பத்தகுந்ததாகத் தோன்றும் வாதம் கொஞ்சம் சுவாரசியமற்றது. கணக்கப்பிள்ளை வாதம் என்றே சொல்லலாம். மனிதரை விண்வெளிக்கு அனுப்புவது ஒரு பொருள் இல்லை, ஒரு பழக்கம். அதை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. வெல்டிங் செய்கிறவரின் கையில், சோதனை மேடையில் வால்வு திறக்கிறவரின் காதில், எது சரியில்லை என்று மோப்பம் பிடிக்கும் பொறியாளரின் அனுபவத்தில் அது இருக்கிறது. பத்து வருஷம் பணத்தை நிறுத்தினால் மிச்சமாவது பத்து வருஷப் பணம் மட்டுமல்ல. முதலில் போட்ட பணமும் சேர்ந்து போகும். ஆகவே நிறுத்தி நிறுத்தித் தொடங்குவதுதான் இருக்கிற வழிகளிலேயே விலை உயர்ந்தது.

இதற்கு உதாரணம் தேட ஸ்டூலிங்கர் வேலை பார்த்த அதே மார்ஷல் மையத்துக்கே போகலாம். சாட்டர்ன் V ராக்கெட்டின் F-1 எஞ்சினின் வரைபடங்கள் தொலைந்துவிட்டன என்று ஒரு வதந்தி உண்டு. தொலையவில்லை. ஆனால் ஒவ்வொரு எஞ்சினும் கிட்டத்தட்டக் கையால் செய்தது, தொழிலாளர்கள் வேலையின் போக்கில் செய்த சின்னச் சின்ன மாற்றங்கள் வரைபடத்துக்கு வரவில்லை. 2013 வாக்கில் அங்கே இருந்த இளம் பொறியாளர்கள் சேமிப்பில் இருந்த ஒரு பழைய F-1ஐப் பிரித்து, ஸ்கேன் செய்து, அதன் ஒரு பகுதியை மறுபடி எரித்துப் பார்த்துத்தான் தங்கள் தாத்தாக்கள் செய்ததைப் புரிந்துகொண்டார்கள். 1970 செப்டம்பரில் ரத்தான அந்த இரண்டு பயணங்களால் அந்த நிதியாண்டில் மிச்சமான தொகை சுமார் 4 கோடி டாலர். அப்பல்லோவுக்கு அதுவரை ஆன செலவு 2,000 கோடி டாலருக்கு மேல். ராக்கெட்டுகள் ஏற்கெனவே கட்டியாகிவிட்டன. அவற்றின் பாகங்கள் ஹூஸ்டனில் பல வருஷம் வெயிலிலும் மழையிலும் காட்சிப்பொருளாகக் கிடந்தன.

ஸ்கைலாப் கதையும் இதே ரகம். அத்தைக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது: 1979 ஜூலையில் வானத்திலிருந்து ஏதோ விழப்போகிறது என்று ஊரே பயந்தது, "எப்படியும் சாகப்போறோம்"னு கோழியடித்துத் தின்றவர்கள் கதையெல்லாம் சொல்வார். அது ஏன் விழுந்தது? கடைசிக் குழு 1974 பிப்ரவரியில் அதை விட்டு வந்தது. அடுத்து விண்வெளி ஓடம் (ஷட்டில்) போய் அதை மேலே தள்ளிவிடும் என்று நினைத்தார்கள். ஷட்டிலோ தள்ளிக்கொண்டே போய் 1981இல்தான் பறந்தது. சூரியச் செயல்பாடும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகி, நிலையம் சீக்கிரமே கீழே இழுக்கப்பட்டது. ஒரு திட்டத்துக்கும் அடுத்த திட்டத்துக்கும் நடுவே இருந்த ஓட்டை வழியாக ஒரு விண்வெளி நிலையமே விழுந்தது. அதற்கு மாற்றாகச் செய்து வைத்திருந்த இரண்டாவது ஸ்கைலாப் வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

2011க்குப் பின் நடந்தது இன்னும் அப்பட்டம். ஷட்டில் அந்த வருஷம் ஜூலையில் ஓய்வு பெற்றது. அதற்கு மாற்றாக 2005இல் தொடங்கிய கான்ஸ்டலேஷன் திட்டம், சுமார் 900 கோடி டாலர் செலவுக்குப் பின் 2010இல் கைவிடப்பட்டது. ஆசைக்கும் பணத்துக்கும் பொருத்தமே இல்லை, ஆண்டுக்கு இன்னும் 300 கோடி டாலர் வேண்டும் என்று 2009இல் அகஸ்டின் குழு சொல்லியிருந்தது. பிறகு தனியார் நிறுவனங்கள் விண்கலம் செய்ய நாசா பணம் கேட்டது. 2012 நிதியாண்டுக்கு 85 கோடி டாலர் கேட்டதற்கு காங்கிரஸ் பாதிகூடக் கொடுக்கவில்லை. விண்கலம் தாமதமானது. அதுவரை? ரஷ்யாவின் சோயுஸில் இருக்கை வாங்கினார்கள். 2008 வாக்கில் ஒரு இருக்கை சுமார் 2 கோடி டாலர். 2020க்குள் 9 கோடி. சொந்த ஊர் நிறுவனத்துக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணத்தை மாஸ்கோவுக்கு அனுப்பினார்கள். எங்கள் தெருவில் ஒருத்தர் பைக் சர்வீஸ் செலவு அதிகம் என்று மூன்று வருஷம் ஆட்டோவில் போனார். அதே கதை.

தப்பிப் பிழைத்தது எப்படிப் பிழைத்தது என்பதும் பார்க்க வேண்டியது. 1993 ஜூன் 23 அன்று விண்வெளி நிலையத்தை ஒழிக்கும் தீர்மானம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 215க்கு 216 என்ற கணக்கில் தோற்றது. ஒரே ஒரு ஓட்டு. அதே வருஷம் அக்டோபரில் டெக்சஸில் 20 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் தோண்டி, சுமார் 200 கோடி டாலர் செலவழித்திருந்த மாபெரும் துகள்மோதி திட்டத்தைக் கொன்றார்கள். அறிவியல் மதிப்பைத் தராசில் வைத்தால் துகள்மோதிதான் கனமானது என்று வைன்பர்க் மாதிரியானவர்கள் கடைசிவரை சொன்னார்கள். பிழைத்தது நிலையம். காரணம் அறிவியல் இல்லை. சோவியத் உடைந்த பிறகு அதன் ராக்கெட் பொறியாளர்கள் வேறு எங்கும் விலைபோகாமல் இருக்க ரஷ்யாவைக் கூட்டாளியாகச் சேர்த்தார்கள். ஐரோப்பா, ஜப்பான், கனடாவோடு ஒப்பந்தங்கள் இருந்தன. பல மாநிலங்களில் வேலைகள் இருந்தன. எந்த அரசும் ஆர்வத்துக்காக மட்டும் மனிதரை விண்வெளிக்கு அனுப்பியதில்லை. தனக்கு விண்வெளியில் அவ்வளவு ஆர்வம் இல்லை என்று கென்னடியே 1962 நவம்பரில் நாசா தலைவரிடம் சொன்னது ஒலிநாடாவில் இருக்கிறது. ஸ்டூலிங்கர் இதை அறியாதவர் இல்லை. பீனமுண்டேயில் ஹிட்லர் அரசின் V-2 ராக்கெட்டில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா வந்த குழுவில் அவரும் ஒருவர். பிரபு எதற்குக் காசு கொடுப்பார் என்று நேரில் பார்த்தவர் எழுதிய கதையில் பிரபு இவ்வளவு நல்லவராக இருப்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

வேலைவாய்ப்பு அரசியலுக்கு ஒரு விலையும் உண்டு. புதிய நிலவு ராக்கெட்டும் ஓரியன் கலமும் சேர்ந்து ஒரு பயணத்துக்கு 410 கோடி டாலர் என்று நாசாவின் சொந்தத் தணிக்கையாளரே 2022இல் கணக்குச் சொன்னார். ஐம்பது மாநிலங்களிலும் ஒப்பந்ததாரர்கள். யாராலும் நிறுத்த முடியாது, யாராலும் மலிவாக்கவும் முடியாது. நிலையான நிதி என்று நான் சொல்வது இந்த மாதிரி நிலைத்துவிடுவதை இல்லை.

2025 மே மாதம் வெள்ளை மாளிகை முன்வைத்த பட்ஜெட்டைப் பார்த்தபோதுதான் இன்னொரு ஆபத்து உறைத்தது. நாசாவின் மொத்த நிதி சுமார் 2,480 கோடி டாலரிலிருந்து 1,880 கோடிக்கு. அறிவியல் பிரிவு கிட்டத்தட்டப் பாதி. ஆனால் மனித விண்பயணத்துக்கு மட்டும் கூடுதல்! "மனித விண்பயண நிதியைக் காப்பாற்று" என்று கோஷம் போட்டவர்களுக்கு இது வெற்றியா? தொலைநோக்கிகளையும் ஆய்வுக்கலங்களையும் விற்று வீரருக்கு டிக்கெட் வாங்குவதா? அங்கே போய் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் போகிறவருக்குச் சுற்றுலாப் பயணி என்று பெயர். ஷ்மிட்டுக்கு ஆரஞ்சு மண்ணின் அர்த்தம் தெரிந்தது அவருக்குப் பின்னால் ஒரு முழு அறிவியல் துறை இருந்ததால்தான்.

இனி அத்தையின் கூரை. அவர் கேட்ட கணக்கை ஒருநாள் போட்டுப் பார்த்தேன். சந்திரயான்-3க்குச் சுமார் 615 கோடி ரூபாய். நாட்டில் அங்கன்வாடிகள் சுமார் 14 லட்சம். வகுத்தால் ஒரு மையத்துக்கு 4,400 ரூபாய்கூட வராது. அத்தை கேட்ட பாதி என்றால் 2,200. கூரை இல்லை, ஒரு மின்விசிறி. பெருமையாகப் போய்ச் சொன்னேன். "எல்லா சென்டர்லயும் கூரை ஒழுகாதுடா, ஒழுகுறதுக்கு மட்டும் குடுத்தா?" என்றார். அது சரிதானே.

பிறகு ககன்யானுக்குப் போட்டேன். 2018 டிசம்பரில் ஒப்புதல் ஆனது 9,023 கோடி. 2024 செப்டம்பரில், ஒரு இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து, 20,193 கோடியாக உயர்ந்தது. வகுத்தால் ஒரு மையத்துக்கு 1.44 லட்சம் ரூபாய். அது கூரைதான். நல்ல கூரை. இன்னொரு மாதிரிப் பார்த்தால், பத்து வருஷத்துக்குப் பரவிய ககன்யான் செலவு, அங்கன்வாடி-ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒரே வருஷத்தில் ஒதுக்கும் தொகைக்கு (2024-25இல் சுமார் 21,000 கோடி) கிட்டத்தட்டச் சமம். "ஒண்ணுமே இல்ல, சினிமா எடுக்கிற காசு" என்று சந்திரயானுக்குச் சொன்னதை ககன்யானுக்குச் சொல்ல முடியாது. ஆளில்லா விண்வெளிக்கான வாதம் ஆள் இருக்கிற விண்வெளிக்குச் செல்லாது என்று மேலே எழுதினேனே, அதன் ரூபாய்க் கணக்கு இது.

அப்படியும் நான் ககன்யான் பக்கம் நிற்கிறேன். 2022க்குள் பறக்கும் என்றார்கள், அந்த வருஷம் போய்விட்டது. இதற்கிடையில் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் மனிதரை ஏற்றிச்செல்லும் தரத்துக்காக CE20 கிரையோஜெனிக் எஞ்சினை மறுபடி மறுபடி எரித்து 2024 பிப்ரவரியில் அந்தச் சோதனைகளை முடித்தார்கள். 2023 அக்டோபரில் ஆபத்துக் காலத்தில் வீரர்களை ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும் அமைப்பைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா அமெரிக்க விண்கலத்தில் சர்வதேச நிலையத்துக்குப் போய் வந்தார், சோயுஸ் கதை போலவே காசு கொடுத்து வாங்கிய இருக்கையில். மகேந்திரகிரியில் அந்த எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லக்கூடிய ஆட்கள் இப்போது உருவாகியிருப்பார்கள். ஒரு முறை மூன்று பேரை அனுப்பி, கொடியைக் காட்டி, செய்தித்தாள் அடித்து முடித்துவிட்டு அடுத்த பத்து வருஷம் பணத்தை நிறுத்தினால், அத்தனை கூரைகளையும் எடுத்து ஹூஸ்டன் ராக்கெட் போல வெயிலில் போட்ட மாதிரி ஆகும். அப்படிச் செய்வதாக இருந்தால் இன்றே நிறுத்திவிட்டுக் கூரை போடலாம். அத்தைக்கு எழுதிய பதிலில் இதைத்தான் எழுதினேன்.

அவர் படித்துவிட்டுக் கேட்டது: "சரி, முதல் தடவை போனதுக்கப்புறம் வருஷா வருஷம் எவ்வளவு ஆகும்னு எங்கேயாச்சும் போட்டிருக்காங்களா?" இந்தத் திட்டத்தைப் பற்றி வந்த கொண்டாட்டக் கட்டுரைகள் எதிலும் நான் பார்க்காத கேள்வி அது. அடுத்த பட்ஜெட் ஆவணங்கள் வரும்போது அந்த ஒரு வரியை முதலில் தேடிப் பார்க்கப் போகிறேன்.